ஒத்துக்கொண்ட குரல்

காலை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும். எழுந்து மோட்டார் போடுவேன். தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம் ஆகும். பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைப்பேன். செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து கூடைப்பந்து ஆட்டத்தைப் போடுவேன். அமெரிக்காவில் இரவு ஆட்டம் என்றால் நல்லூரில் விடியற்காலை. இரண்டு டம்ளர் எடுப்பேன். ஒன்றைத் திரும்ப வைப்பேன். டீ குடிப்பேன். மோட்டாரை நிறுத்துவேன். குளித்து, சட்டை தேய்த்து, எட்டே முக்காலுக்குக் கிளம்புவேன்.

நான்கு மாதமாக இப்படித்தான். அதற்கு முன்பும் இதே வரிசைதான். டம்ளரைத் திரும்ப வைப்பதும் இவ்வளவு தாமதமாகக் கிளம்புவதும்தான் புதிது.

நதியா என் மனைவி. நவம்பர் இருபதாம் தேதி, புதன்கிழமை இறந்தாள். பெருமாநல்லூர் ரோட்டில் ஜல்லி சிதறிக் கிடந்த இடத்தில் ஸ்கூட்டி சறுக்கியது. வேறு வண்டி எதுவும் மோதவில்லை. அவளுக்கு இருபத்தேழு வயது.

இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். எனக்கு மெர்ச்சண்டைசிங், ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை, ஒன்பதரைக்குப் போனால் போதும். அவள் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். எட்டரைக்குக் கை கழுவி டேபிளில் நிற்க வேண்டும். அதனால் நானும் முன்னதாகக் கிளம்பி அவளை என் பைக்கில் கொண்டுபோய் விடுவேன். அன்று விடவில்லை.

கோவையில் கல்லூரி கூடைப்பந்து மைதானத்தில்தான் பழக்கம். நான் ஆண்கள் அணி, அவள் பெண்கள் அணி. இரண்டு பேருமே கார்டு. பந்தை எடுத்துக்கொண்டு மேலே வருகிற ஆட்களுக்கு அந்தப் பெயர். அணிக்கு இரண்டு பேர். அவள் ஐந்தடி மூன்று அங்குலம். தன்னைவிட ஓரடி உயரமானவளையும் மறித்து நிற்பாள். எங்கள் வீட்டில் ஒரு வருடம் சம்மதிக்கவில்லை. அப்பா வாரம் தவறாமல் சென்னிமலைக்குப் போய் முருகனிடம் முறையிட்டார். அவள் வீட்டார் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. அவள் என்னை 'ஏல' என்று கூப்பிடுவது மட்டும் அவள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"கட்டுனவன ஏலன்னா கூப்புடுவ? நாக்குல சூடு வைக்கணும் உனக்கு" என்பார் கருத்தம்மா அத்தை.

"அவனுக்கே கோவம் வரல, உனக்கு என்னம்மா?" என்பாள்.

காலை ஆட்டம் பார்த்தபடி நாங்கள் போட்ட சண்டை ஒன்றே ஒன்றுதான். எந்த அணியின் கார்டு ஜோடி சிறந்தது? நான் கிளீவ்லாந்து. மிட்செல், கார்லண்ட். இரண்டு பேரும் பந்து போடுவார்கள். ஒருவனை மறித்தால் இன்னொருவன் போடுவான். அவள் பாஸ்டன். ஒயிட், ஹாலிடே. இரண்டு பேரும் எதிராளியைப் போடவிட மாட்டார்கள்.

"பந்து கையில இருக்கும்போது எவன் வேணாலும் நல்லா தெரிவான். கையில இல்லாதப்ப என்ன செய்யுதான்னு பாரு. உன் கார்லண்டு இடுப்புல கைய வச்சிட்டு பஸ்ஸுக்கு நிக்க மாதிரி நிக்கான்."

"ஸ்கோர் போட்டாத்தான புள்ள ஜெயிக்க முடியும்?"

"அடுத்தவன போடவிடாமலும் ஜெயிக்கலாம்."

ஒரு வருடத்துக்கு மேல் இதே சண்டை. அவள் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. நானும்தான்.

ஆரோ பற்றிச் சொல்ல வேண்டும். செக்கிங் டேபிளில் குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம். அம்பின் முனை குறையைத் தொட வேண்டும். நல்ல துணிக்கு ஸ்டிக்கர் கிடையாது. குறை இல்லாத இடத்தில் ஆரோ ஒட்டியவளை நதியா டேபிளை விட்டே எழுப்பிவிடுவாள். இல்லாத ஓட்டையைத் தேடி அடுத்தவளின் கண் கெட்டுப்போகும் என்பாள்.

மிச்ச ஸ்டிக்கர் ஷீட் அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். வீட்டிலும் ஒட்டுவாள். நான் தேய்க்காமல் விட்ட காலரில், கழுவாமல் வைத்த டம்ளரில், பூட்ட மறந்த பீரோவில். ஆட்டத்தை நிறுத்தி, கார்லண்ட் தன் ஆளைக் கோட்டைவிட்ட இடத்தில், போன் திரையிலேயே ஒட்டுவாள். நான் சரிசெய்தால்தான் ஆரோவை எடுப்பாள்.

ஆஸ்பத்திரியில் கருத்தம்மா அத்தை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா எம்புள்ள என்ன சொன்னா தம்பி?"

"போயிட்டு வரேன்னு சொன்னா அத்தை."

பொய். அவள் வாசலில் நின்று ஏதோ சொன்னாள். நான் ஆட்டத்தில் இருந்தேன். சத்தம் காதில் விழுந்தது. என்ன என்று நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அத்தை நான் சொன்னதை வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். பதினாறாம் நாளில் அது ஊர் முழுக்க உண்மையாகிவிட்டது.

டிசம்பரில் அவள் பக்கத்தையும் நானே பேச ஆரம்பித்தேன். ஆட்டம் ஓடும். நான் ஒன்று சொல்வேன். பிறகு அவள் சொல்வது போல ஒன்று. வேறு காரணம் இல்லை. வீடு சத்தமில்லாமல் இருந்தது.

ஜனவரியில் ஒரு நாள் பால் பொங்கியது. அடுப்பை அணைக்க ஓடினேன். அதற்கு முன்தான் மிட்செல் தூரத்திலிருந்து ஒன்று போட்டிருந்தான். "பாத்தியா?" என்று சொல்லியிருந்தேன். அவள் முறை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. துணியால் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தாங்க போட்டான்" என்று முன்னறையிலிருந்து பதில் வந்தது.

போய்ப் பார்த்தேன். நாற்காலி. அவள் பாய் சுருட்டி வைத்தது வைத்தபடி. ஜன்னலுக்கு வெளியே ஓவர்லாக் தையல் மிஷின் சத்தம். எதிர் வீட்டு மாடியில் ஆறு மிஷின் போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து டீ போட்டேன். எனக்குப் பயம் வரவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு எதுவுமே வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் பேசியது. ஆட்டம் இருக்கும் நேரத்தில் மட்டும். அவள் குரல்தான். லேசாகக் கரகரப்பு, வாக்கியத்தின் முடிவில் ஒரு சின்ன இழுப்பு. நான் அடுக்களையில் இருந்தால் முன்னறையில் பேசும். முன்னறைக்குப் போனால் அடுக்களையில் பேசும். நடுவில் நின்றால் பேசாது. அதனால் நான் நடுவில் நிற்பதில்லை.

முதலில் கொஞ்சம் வாதம் செய்தது. ஒயிட் நன்றாக மறிக்கிறான் என்றது. பிப்ரவரியில் குறைந்தது. கிளீவ்லாந்து வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் கேட்டேன்.

"இப்ப சொல்லு. எந்த ஜோடி?"

"நீங்க சொல்றதுதாங்க சரி."

"கிளீவ்லாந்தா?"

"ஆமாங்க. நீங்க எப்பவும் சரியாத்தாங்க சொல்வீங்க."

எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அன்று இரண்டு தோசை சாப்பிட்டேன்.

மறுநாள் ஆரோ வந்தது. போன் திரையின் மூலையில் ஒன்று. தட்டிப் பார்த்தேன். கீறல் இல்லை, கறை இல்லை. அடுத்த வாரம் இரண்டாவது டம்ளரின் விளிம்பில். டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். நெளிவு இல்லை. பிறகு தலையணை உறையில், நீலச் சட்டையின் தோளில், காலண்டரில் ஒரு வெறும் கட்டத்தில். துணியை உள்புறம் திருப்பியும் பார்த்தேன். தையல் சரியாக இருந்தது.

கம்பெனியிலிருந்து என் சட்டையில் ஒட்டி வந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் எல்லா முனையும் ஒரே பக்கம் காட்டின. அவள் கைப்பையைத் திறந்து ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். புது ஷீட். ஒரு ஸ்டிக்கர்கூட உரிக்கப்படவில்லை.

எல்லா அம்புகளும் அட்டத்துக்கு எதிர்ப்பக்கம் காட்டின. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. அடுக்களைக்கு மேலே பழைய சாமான் போட்டு வைக்கும் அட்டத்தில் ஒரு வெள்ளைச் சாக்கு இருந்தது. ஸ்கூட்டியோடு போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தது. நான் பிரிக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முனீஸ் வந்தான். நதியாவின் தம்பி. நிட்டிங் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறான். முன்பெல்லாம் ஞாயிறு ஆட்டத்துக்கு வந்துவிடுவான். அவள் போனபின் இதுதான் முதல் முறை. வடை வாங்கி வந்திருந்தான். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"அத்தான், நியூயார்க்கு என்ன ஆட்டம் ஆடுதான் பாத்தியளா? கார்டுன்னா பிரன்சன்தான். மத்தவன் எல்லாம் வாட்ச்மேன்."

"ஜோடிய கேட்டா ஒத்தை ஆளைச் சொல்ற மாப்ள. அவனுக்கு ஜோடி யாரு?"

"அவனே ரெண்டு ஆளுக்கு சமம்."

"அப்ப ரெண்டு சம்பளம் வாங்கிக்கச் சொல்லு."

சிரித்தான். நானும் சிரித்திருப்பேன் போல. அவன் முகம் கொஞ்சம் லேசானது. தரையில் உட்கார்ந்தான். ஆட்டம் ஓடியது. நான் அவனுக்கு டீ கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எத்தனை பேரு வந்தாலும் கிளீவ்லாந்துதான் மாப்ள" என்றேன்.

"அக்கா இருந்தா உங்கள கிழிச்சிருப்பா."

"அவர் சொல்றதுதாங்க சரி" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

முனீஸ் டம்ளரைத் தரையில் வைத்தான். மெதுவாக வைத்தான். சத்தம் வரவில்லை.

"உள்ள யாரு அத்தான்?"

அவனுக்கும் கேட்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"உங்க ஊட்டு ஆளுக யாரும் வந்திருக்காவளா?"

"இல்ல."

அவன் எழுந்து அடுக்களை வாசல்வரை போனான். உள்ளே பார்த்தான். காஸ் அடுப்பு, சர்க்கரை டப்பா, கவிழ்த்து வைத்த இரண்டாவது டம்ளர். திரும்பி வரும்போது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான். எதையும் தொட்டிருக்கவில்லை.

"அக்கா தொண்டைதான் அது" என்றான்.

"ஆமா."

"ஆனா அக்கா இல்ல."

"ஏன்?"

"அவ எப்ப அத்தான் ஒத்துக்கிட்டா?" என்றான். "சின்ன வயசுல கேரம் போர்டுல தோத்துட்டு, போர்டு கோணையா இருக்குன்னு ரசமட்டம் வச்சி பாத்தவ அவ. அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டு திரியுதா, எம்புள்ள போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனான்னு. எனக்கு அப்பவே சந்தேகம். அவ எங்க அத்தான் சொல்லிக்கிட்டு போயிருக்கா? சண்டைய பாதில போட்டுட்டுல்லா போவா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெசமா என்ன சொன்னா அத்தான்?"

"தெரியல மாப்ள."

"தெரியலயா?"

"கேட்டேன். கவனிக்கல."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"கண்டுபிடிங்க. இல்லன்னா உள்ள கெடக்கது அக்காவா ஆயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். வடையைத் தொடவே இல்லை.

அன்று முழுக்க யோசித்தேன். இதைக் கம்பெனி முறையில்தான் என்னால் யோசிக்க முடிந்தது. ஒரு லாட் துணியில் நம்பிக்கை போனால் நூறு சதவீத ரீசெக். பாஸ் ஆன பீஸையும் பிரித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு நோட்டை எடுத்தேன். அவள் சொன்னதாக என் தலையில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதினேன். எதிரில், எங்கே சொன்னாள், எப்போது, வேறு யார் இருந்தார்கள் என்று எழுதினேன். இடமும் நேரமும் இல்லாத வாக்கியங்களை அடித்தேன்.

நிறைய அடிக்க வேண்டியிருந்தது. 'உங்க மேல எனக்குக் கோவமே இல்லீங்க' என்பதை அடித்தேன். 'அன்னைக்கு நீங்க கொண்டுபோய் விட்டிருந்தாலும் அப்படித்தாங்க ஆயிருக்கும்' என்பதை அடித்தேன். அதை அன்று காலைவரை நான் நம்பியிருந்தேன்.

அப்போதுதான் ஆரோக்களை யோசித்தேன். அதற்குள் பதினோரு ஆரோ சேர்ந்திருந்தன. பதினொன்றும் குறை இல்லாத இடத்தில். செக்கிங் டேபிளில் நதியா ஒரு நாளும் செய்யாத தப்பு அது. அவள் ஒட்டியிருந்தால் முனையில் ஓட்டை இருக்கும். இவை எல்லாம் எந்தப் பக்கம் பார்க்கவிடாமல் என்னைத் திருப்பின என்று பார்த்தால், அட்டத்தின் பக்கம்தான்.

ஏணி போட்டு அட்டத்தில் ஏறினேன். சாக்கைக் கீழே இறக்கினேன். ஆனால் அன்றே பிரிக்கவில்லை. ரீசெக் என்றால் அதே வெளிச்சத்தில், அதே டேபிளில் செய்ய வேண்டும்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு சொன்னேன். அலாரம். மோட்டார். பால். ஆப்பில் நவம்பர் இருபதாம் தேதி காலை பார்த்த பழைய ஆட்டத்தைத் தேடி எடுத்தேன். பாஸ்டனும் கிளீவ்லாந்தும். அதற்கு முன் பதினைந்து ஆட்டம் கிளீவ்லாந்து தோற்கவே இல்லை. அன்று தோற்றது. ஆட்டம் முடிவதற்குள் நதியா கிளம்பிவிட்டாள். பாஸ்டன் ஜெயித்தது அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கடைசி இரண்டு நிமிடம் அன்று ஓடிய அதே நேரத்தில் ஓட வேண்டும் என்று கணக்குப் பண்ணி ஆட்டத்தைப் போட்டேன். நாற்காலியை அன்று போலவே வாசலுக்கு முதுகு காட்டிப் போட்டேன். சாக்கை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு டம்ளர் டீ ஊற்றினேன். ஒன்றைத் திரும்ப வைக்கவில்லை.

"இது எதுக்குங்க இப்ப?" என்று அடுக்களையிலிருந்து கேட்டது.

போனில் சத்தத்தைக் கூட்டினேன்.

"வேற ஆட்டம் போடுங்க. கிளீவ்லாந்து ஜெயிச்சது போடுங்க."

சாக்கின் முடிச்சை அவிழ்த்தேன். சணல் இறுகியிருந்தது. பல்லால் இழுத்தேன்.

"பிரிக்காதீங்க." குரல் இப்போது முன்னறைக்கு வந்திருந்தது. நான் இருக்கும் அறைக்குள் அது வந்தது அதுதான் முதல் தடவை. முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கம். "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. எல்லாமே சரியாத்தாங்க இருந்துச்சு. நீங்க சொல்றதுதாங்க சரி. கிளீவ்லாந்துதாங்க."

திரும்பவில்லை. கையை உள்ளே விட்டேன். ஹெல்மெட். எங்கள் வீட்டில் இரண்டு உண்டு. நல்லது பைக்கில் பின்னால் உட்காரும்போது அவள் போடுவது. அது பைக்கில் பூட்டியிருந்தது. இது ஸ்கூட்டி டிக்கியில் சும்மா கிடப்பது. வெளிப்பக்கம் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். தலையோடு இருந்திருந்தால் போதும். ரோட்டில் அவள் ஒரு பக்கமும் அது ஒரு பக்கமும் கிடந்ததாகச் சொன்னார்கள்.

வாரைத் திருப்பினேன். தாடைக்குக் கீழே மாட்டும் கிளிப்பின் ஒரு பல் உடைந்திருந்தது. பழைய உடைசல். விளிம்பில் அழுக்கு ஏறியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு ஆரோ. நாள்பட்டு ஆரஞ்சாக வெளுத்து, ஓரம் சுருண்டு. எத்தனை வாரமாக அங்கே இருந்ததோ. முனை சரியாக உடைந்த பல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவது ஆரோ. இந்தப் பன்னிரண்டில் இது மட்டும்தான் அவள் ஒட்டியது.

போனில் வர்ணனைக்காரன் கத்தினான். இரண்டு நிமிடம் இருந்தது. பாஸ்டன் முன்னால், கிளீவ்லாந்து துரத்திக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த குரல் நின்றுவிட்டது. மூச்சு மாதிரி ஒன்று இருந்தது, அதுவும் நின்றது. எதிர் வீட்டு ஓவர்லாக் மிஷின் மட்டும் கேட்டது.

அன்றும் அந்த மிஷின் ஓடியது. அன்றும் வர்ணனைக்காரன் இப்படித்தான் கத்தினான். நதியா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கிளம்பலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல், "இன்னிக்கு ஒரு நாளைக்கு நீ ஸ்கூட்டில போயிக்க புள்ள, ரெண்டே நிமிசம் இருக்குது" என்றேன். டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லாக, இழுப்பு, கரகரப்பு எல்லாவற்றோடும் கேட்டது.

"ஏல, ஜெயிச்சாலும் தோத்தாலும் பாஸ்டன்தான். இந்தக் கிளிப்பு இன்னும் அப்படியே கெடக்கு பாரு, இன்னைக்கு சாயந்தரமாவது மாத்து."